999 வருஷக் குத்தகையும் 28 நாள் நோட்டீஸும்

ஆணி கொஞ்சம் அதிகம், அதான் ரெண்டு மாசமா இந்தப் பக்கம் வரலை. போன வாரம் ஊருக்குப் போயிட்டு வந்ததுலேர்ந்து ஒரு விஷயம் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு. எழுதி இறக்கி வச்சாதான் தூக்கம் வரும்.

ஊருன்னா சேவுகம்பட்டி. வத்தலக்குண்டுக்குப் பக்கம். தை மாசம் சோலைமலை அழகர் கோயில்ல வாழைப்பழம் சூறை விடுவாங்களே, அந்த ஊர்தான். எங்க பக்கம் தண்ணின்னா மருதாநதியைப் பத்தித்தான் பேச்சு. ஆனா எங்க சித்தப்பா பொண்ணு எடுத்தது அணைப்பட்டிப் பக்கம். சித்தி வழியில அங்க கொஞ்சம் வயல் இருக்கு. பேரணையில வைகையை மறிச்சுப் பெரியாறு மெயின் கால்வாய் பிரியுதே, அதை நம்பித்தான் அவரோட நடவு, அறுப்பு எல்லாம். டீக்கடை பெஞ்சுல உக்காந்து பேப்பர் பார்த்துட்டிருந்தவர் திடீர்னு கேட்டார்.

"ஏப்பா, நீதான் வெளிநாட்டுல கான்ட்ராக்ட் ஆபீஸ்ல இருந்தவனாச்சே. அந்த 999 வருஷக் குத்தகையை அவங்க முறிச்சுட்டா நமக்குத் தண்ணி கிடையாதா?"

"முறிக்க முடியாது சித்தப்பா"ன்னு சட்டுனு சொல்லிட்டேன். அவர் விடலை. "ஏன் முடியாது? எழுதினவனும் செத்துட்டான், எழுதி வாங்கினவனும் கப்பல் ஏறிட்டான். அப்புறம் யாரு யாருக்குக் கட்டுப்படுறது?"

டீ ஆறிப்போச்சு. எனக்குப் பதில் தெரியலை.

இங்க ஒரு சின்ன கொசுவத்தி. 2009 வாக்குல வளைகுடாவுல ஒரு கட்டுமானக் கம்பெனியில இருந்தேன். பேர் வேண்டாம். என்ஜினியர்னு ஊர்ல சொல்லிக்குவாங்க, நிஜத்துல எனக்கு வேலை லெட்டர் டிராஃப்ட் பண்றது. நாங்க சப்-கான்ட்ராக்டர். உலகம் பூரா பணம் வத்திப்போன நேரம். ஒரு நாள் காலையில ஒத்தைப் பக்கத்துக் கடிதம் வந்துச்சு: வேலை நிறுத்தப்படுகிறது, ஒப்பந்தம் முடிக்கப்படுகிறது. எங்க மேல குத்தம் எதுவும் சொல்லலை. முதலாளிக்கு வேண்டாம், அவ்வளவுதான்.

வெளிநாட்டுக் கட்டுமான வேலையில ரொம்பப் பேர் கையில வச்சிருக்கறது ஃபிடிக்னு ஒரு பன்னாட்டுப் பொறியாளர் கூட்டமைப்பு போட்ட ஒப்பந்தப் புத்தகம். சிவப்பு அட்டை. முதல் பதிப்பு 1957, நாங்க வச்சிருந்தது 1999 பதிப்பு. அதுல 15ஆம் பிரிவு முதலாளி முறிக்கிறதுக்கு, 16ஆம் பிரிவு கான்ட்ராக்டர் முறிக்கிறதுக்கு. நம்ம மேல தப்பு இருந்தா 14 நாள் நோட்டீஸ் கொடுத்து வெளிய அனுப்பலாம். தப்பே இல்லேன்னாலும் முதலாளி தன் வசதிக்காக முறிச்சுக்கலாம், 28 நாள்ல அமலுக்கு வரும். ஆனா அப்படி முறிச்சுட்டு அதே வேலையைத் தானே செய்யவோ இன்னொருத்தனுக்குக் கொடுக்கவோ கூடாது. நல்ல விதி, யாராவது போய்க் கேட்டாத்தான் உண்டு. எங்க கதை வேற மாதிரி முடிஞ்சுது. அதே புத்தகத்துல 20ஆம் பிரிவுல இன்னொரு 28 நாள் இருக்கு. உனக்குக் கூடுதல் பணமோ நாளோ வரணும்னா, காரணம் தெரிஞ்ச 28 நாளுக்குள்ள எழுதிச் சொல்லணும். சொல்லலைன்னா அந்த உரிமை போச்சு. எங்க சப்-கான்ட்ராக்ட்லயும் அதே வரிதான். எங்க மேனேஜர் "பேசித் தீத்துக்கலாம்"னு இழுத்தார். 28 நாள் ஓடிப்போச்சு. சரக்கு வாங்கின காசும் ஆளுங்களுக்குக் கொடுக்க வேண்டிய கூலியும் அந்தரத்துல நின்னுச்சு. என் கூட ரூம்ல இருந்த நாலு பேர் பாதிச் சம்பளத்தோட ஊர் திரும்பினாங்க.

அன்னையிலேர்ந்து எந்தப் பத்திரம் கையில கிடைச்சாலும் 'எப்படி முடியும்'ங்கற இடத்துலேர்ந்து படிக்க ஆரம்பிக்கற வியாதி வந்துடுச்சு. கல்யாணப் பத்திரிகை மட்டும் விதிவிலக்கு :-)

சித்தப்பா கேட்ட கேள்விக்காக இந்தத் தடவை 1886 தஸ்தாவேஜை அந்தக் கண்ணோட உக்காந்து படிச்சேன். பென்னிகுயிக் பத்தி நம்மாளுங்க நிறைய எழுதிட்டாங்க. லோயர் கேம்ப்ல 2013 ஜனவரியில மணிமண்டபமே திறந்தாச்சு. அந்த மனுஷன் கும்பிடத் தக்கவர்தான், சந்தேகமில்லை. ஆனா அவர் கட்டினது அணை. தண்ணி நம்மளதுன்னு சொல்றது அணை இல்ல, ஒரு காகிதம். அதைப் பத்திப் பேச ஆள் கம்மி.

தேதி 1886 அக்டோபர் 29. குத்தகை விடுறவர் திருவிதாங்கூர் மகாராஜா, எடுக்கறவர் இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அமைச்சர், அதாவது நடைமுறையில மெட்ராஸ் சர்க்கார். மகாராஜாவுக்காகக் கையெழுத்துப் போட்டவர் திவான் வி. ராம ஐயங்கார். எதிர்த் தரப்புக்காகப் போட்டவர் ஹேனிங்டன். இவர் யார்னா திருவிதாங்கூர், கொச்சிக்கான பிரிட்டிஷ் ரெசிடென்ட். மகாராஜாவுக்கு 'ஆலோசனை' சொல்ற பதவியில இருக்கறவரே எதிர்த் தரப்புல கையெழுத்து! நம்ம சைட்ல இன்ஸ்பெக்‌ஷன் பண்ற கன்சல்டண்ட்டே கான்ட்ராக்டரா நின்னா எப்படி இருக்கும்? கேரளாக்காரங்க "மிரட்டி வாங்கின கையெழுத்து"ன்னு சொல்லும்போது நாம சிரிச்சுட்டுப் போறோம். ஆனா இந்த ஒரு விஷயத்தைப் பார்த்தப்போ எனக்குச் சிரிப்பு வரலை.

இப்போ சரக்குக்கு வருவோம். குத்தகைக்கும் ஒத்திக்கும் கிரயத்துக்கும் வித்தியாசம் தெரியாதவங்க எங்க ஊர்ல யாரும் கிடையாது. இது கிரயம் இல்ல. மண்ணு திருவிதாங்கூரோடதுதான். அணைகட்டுற இடத்துல ஆத்தோட ஆழமான புள்ளியிலேர்ந்து 155 அடி உயரத்துல ஒரு கோடு. அந்தக் கோட்டுக்குக் கீழ முங்கற சுமார் 8000 ஏக்கர், வேலைக்குன்னு இன்னும் 100 ஏக்கர் வரைக்கும். அதுல பாசன வேலைகளைக் கட்டவும் அதைத் தனியா அனுபவிக்கவும் உரிமை. அங்க வந்து சேர்ற தண்ணி அத்தனையும் எடுத்துக்கலாம். மீன் பிடிக்கலாம். கட்டுறதுக்கு வேண்டிய மரம், கல்லு எடுத்துக்கலாம். காலம், 1886 ஜனவரி 1லேர்ந்து 999 வருஷம். முடிஞ்சா, குத்தகைதாரர் கேட்டா இன்னொரு 999 வருஷத்துக்கு எழுதிக் கொடுக்கணும்.

வாடகை ஏக்கருக்கு 5 ரூபாய். ஆக வருஷம் 40,000. அதுவும் எப்போலேர்ந்து? தண்ணி மலை தாண்டி இந்தப் பக்கம் விழற நாள்லேர்ந்து. லார்டு வென்லாக் வந்து திறந்து வச்சது 1895 அக்டோபர்ல. இதைவிட வேடிக்கை, அந்தப் பணம் ரொக்கமாக் கூட கை மாற வேண்டாம். திருவிதாங்கூர் வெள்ளைக்காரனுக்குக் கட்ட வேண்டிய கப்பத்துல கழிச்சுக்கலாம்னு பத்திரமே சொல்லுது. நம்ம ஊர்ப் பண்ணையார்கள் தோத்தாங்க போங்க.

மகாராஜா தரப்பு நினைச்சப்போ முறிச்சுக்கலாம்னு அதுல இடமே கிடையாது. ஃபிடிக்ல இருக்கற 'வசதிக்காக முறிப்பு' மாதிரி ஒரு கதவு இந்த வீட்டுல இல்ல. அதுக்குப் பதிலா ஒரு ஜன்னல் வச்சிருக்காங்க: உரிமை, கடமை, பொறுப்பு இதுல எதுலயாவது தகராறு வந்தா, ஆளுக்கு ஒரு மத்தியஸ்தர், அவங்களுக்குள்ள ஒத்து வரலைன்னா நடுவுல ஒரு தீர்ப்பாளர். 1886லயே!

இந்த ஜன்னலை முதல்ல தட்டினது எதுக்குத் தெரியுமா? கரண்ட்டுக்கு.

தேக்கடியிலேர்ந்து மலையைக் குடைஞ்சு தண்ணி இந்தப் பக்கம் சரேல்னு இறங்குது. அதைப் பார்த்த எந்த என்ஜினியருக்கும் கை அரிக்கும். மெட்ராஸ் சர்க்கார் மின்சாரம் எடுக்கலாம்னு கிளம்புச்சு. திருவிதாங்கூர் "நில்லு, குத்தகை பாசனத்துக்கு மட்டும்தான்"னு மறிச்சுது. அப்போ அங்க திவான் சர் சி.பி. இராமசாமி ஐயர், நம்ம மெட்ராஸ் பார்ல பேர் வாங்கின வக்கீல். மத்தியஸ்தர்கள் ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் போக, விஷயம் தீர்ப்பாளர் சர் நளினி ரஞ்சன் சாட்டர்ஜிகிட்ட வந்துச்சு. 1941 மே மாசம் அவர் சொன்ன தீர்ப்பு: பாசனம், அதுக்குத் துணையான வேலை, அதைத் தவிர வேற எதுக்கும் இந்தத் தண்ணியைத் தொட மெட்ராஸுக்கு உரிமை இல்ல. அதாவது நாம தோத்துட்டோம்.

இதைப் படிச்சப்போ எனக்கு அந்த 28 நாள்தான் ஞாபகத்துக்கு வந்துச்சு. தண்ணி நம்ம சுரங்கத்துல, நம்ம காசுல, நம்ம பக்கம்தான் விழுது. ஆனா எழுதினது 'பாசனம்'னு. எழுதாத உரிமையை எவ்வளவு பெரிய சர்க்காராலயும் நியாயம் பேசி வாங்க முடியலை. அதிகாரமெல்லாம் வெள்ளைக்காரன் கையில இருந்த காலத்துலயே இந்தத் தீர்ப்பு. சும்மா சொல்லக்கூடாது, சி.பி. மேல எனக்குக் கொஞ்சம் மரியாதையே வந்துடுச்சு.

அடுத்தது 1947. சித்தப்பா கேட்ட கேள்வியோட அசல் இடம் இதுதான்.

இந்திய விடுதலைச் சட்டம்னு பிரிட்டிஷ் பார்லிமெண்ட் போட்ட சட்டத்துல 7ஆம் பிரிவு, சமஸ்தானங்கள் மேல முடியரசுக்கு இருந்த மேலாதிக்கம் ஒழிஞ்சுது, அதோட போட்ட உடன்படிக்கைகளும் ஒழிஞ்சுதுன்னு சொல்லுது. அந்தச் சமயத்துல சி.பி. திருவிதாங்கூர் தனி நாடுன்னே அறிவிச்சுட்டார். 1947 ஜூன், ஜூலையில கொஞ்ச வாரம், கம்பம் பள்ளத்தாக்குக்கு வர்ற தண்ணியோட தலைமாடு வேற நாடா ஆகிடுமோங்கற நிலைமை. அப்புறம் அவர் மேல வெட்டு விழுந்தது, ஜூலைக் கடைசியில மகாராஜா இந்தியாவோட சேர்ந்தது எல்லாம் உங்களுக்குத் தெரியும். ஆனா கேள்வி அப்படியே நின்னுச்சு. கேரளா பின்னாடி கோர்ட்ல இதைத்தான் பிடிச்சுக்கிட்டு வாதாடுச்சு: அது ரெண்டு அரசுகளுக்கு நடுவுல நடந்த அரசியல் உடன்படிக்கை, 1947ல தானாவே செத்துப்போச்சு.

பதில் வர 2006 ஆச்சு, முழுசா வர 2014 ஆச்சு. சுப்ரீம் கோர்ட் ரெண்டு தடவையும் சொன்னது ஒண்ணுதான்: இது அரசியல் உடன்படிக்கை இல்ல, நிலம் சம்பந்தமான சாதாரணக் குத்தகை. ராஜா போகலாம், வைஸ்ராய் போகலாம், குத்தகை நிலத்தோட போகும். 1956 மாநிலச் சீரமைப்புச் சட்டமும் இந்த மாதிரிப் பாசன ஒப்பந்தங்களைத் தொடர வச்சிருக்கு. தவிர 1970ல நீங்களே அதைத் திருத்திக் கையெழுத்துப் போட்டிருக்கீங்களே, செத்த பத்திரத்தை யாராவது திருத்துவாங்களா?

அந்த 1970ஐ நம்மாளுங்க அவ்வளவாப் பேசறதில்ல. ஆனா எனக்கு இந்தக் கதையிலேயே பிடிச்ச வருஷம் அதுதான். லோயர் கேம்ப் மின் நிலையம் 1950கள் கடைசியிலேயே ஓட ஆரம்பிச்சாச்சு. 41 தீர்ப்புப்படி பார்த்தா அதுக்கு அனுமதி எழுத்துல வேணும். மே 29 அன்னைக்கு ரெண்டு துணை ஒப்பந்தம் போட்டாங்க. நமக்கு மின்சார உரிமை. அதுக்கு ஒரு கிலோவாட் வருஷத்துக்கு 12 ரூபாய், வருஷ உற்பத்தி 35 கோடி யூனிட்டைத் தாண்டினா 18 ரூபாய். மீன் பிடிக்கிற உரிமை திரும்பக் கேரளாவுக்கு. வாடகை 5லேர்ந்து 30 ரூபாய், 30 வருஷத்துக்கு ஒரு தடவை திருத்தலாம். யாரும் யார் மேலயும் கல்லெறியலை. 84 வருஷத்துக்கு முந்தி மிரட்டி வாங்கினதோ இல்லையோ, 1970ல ரெண்டு பக்கமும் ஓட்டுப் போட்டு வந்த சர்க்கார். என்னைக் கேட்டா நம்ம கையில இருக்கற பலமான பத்திரம் 1886 இல்ல, 1970தான்.

வெளி உலகத்துல இது எப்படிப் போகும்னு பார்க்க மாலேக்கு ஒரு நடை போய்ட்டு வந்துடலாம். நம்ம ஊர் ஜி.எம்.ஆர். கம்பெனி மலேசிய விமான நிலையக் கம்பெனியோட சேர்ந்து 2010 ஜூன்ல மாலத்தீவு அரசோட ஒப்பந்தம் போட்டுச்சு. மாலே விமான நிலையத்தைப் புதுப்பிச்சுக் கட்டி 25 வருஷம் நடத்தணும். ஆட்சி மாறுச்சு. 2012 நவம்பர்ல "அந்த ஒப்பந்தமே செல்லாது, வெளிய போ"ன்னுட்டாங்க. கம்பெனி சிங்கப்பூர் கோர்ட்டுக்கு ஓடித் தடை வாங்குச்சு. ஆனா டிசம்பர் 6ஆம் தேதி அங்க மேல்முறையீட்டுக் கோர்ட் தடையை நீக்கிடுச்சு. ஒரு இறையாண்மை அரசு தன் விமான நிலையத்தை எடுத்துக்கறதைத் தடுக்க முடியாது, நட்டம்னா அப்புறம் பணமா வாங்கிக்கங்கன்னு அர்த்தம். 2014ல மத்தியஸ்தம், ஒப்பந்தம் செல்லும், முறிச்சது தப்புன்னு சொல்லுச்சு. 2016ல சுமார் 27 கோடி டாலர் வசூலாச்சு. விமான நிலையம் மட்டும் திரும்பக் கிடைக்கலை.

அதனாலதான் சித்தப்பா கேள்வி சாதாரணக் கேள்வி இல்ல. எதிர்த் தரப்பு ஒரு தனி நாடா இருந்தா, ஜெயிச்சாலும் கையில பணம்தான் வரும். அணைப்பட்டி வயலுக்குப் பணத்தைப் பாய்ச்ச முடியுமா? 1947ல சி.பி. நினைச்சது நடந்திருந்தா நாம இன்னைக்கு மாலேயில நின்ன ஜி.எம்.ஆர். மாதிரிதான். நமக்குத் தண்ணி கிடைக்கறதுக்குக் காரணம் 999ங்கற எண் இல்ல, ரெண்டு பக்கத்துக்கும் மேல ஒரே கோர்ட் இருக்கறதுதான்.

கோர்ட் இருந்தும் லேசுப்பட்ட பாடா? 1979 ஆகஸ்ட்ல குஜராத்ல மோர்வி அணை உடைஞ்சுது. அந்தப் பயத்துல நம்ம அணை மட்டம் 136 அடிக்கு இறக்கப்பட்டுச்சு. பலப்படுத்தற வேலை நடந்துச்சு. மேல கான்கிரீட் தொப்பி, உள்ள கம்பி நங்கூரம், பின்னாடி கான்கிரீட் முட்டு. 2006 பிப்ரவரியில 142 அடிக்கு ஏத்தலாம்னு சுப்ரீம் கோர்ட் சொல்லுச்சு. மார்ச்லயே கேரளா சட்டசபை 136க்கு மேல கூடாதுன்னு சட்டம் போட்டுச்சு. 2014 மே 7 அன்னைக்கு அஞ்சு நீதிபதிகள் அந்தச் சட்டத்தை அடிச்சாங்க. நவம்பர்ல தண்ணி 142 தொட்டுச்சு. இடையில 2011 டிசம்பர்ல குமுளி ரோடு அடைச்சுக் கிடந்ததெல்லாம் தேனிக்காரங்களைக் கேட்டா கதை கதையாச் சொல்லுவாங்க.

இதுல ஒரு விஷயம் மட்டும் எனக்கு உறுத்துது, சொல்லிடறேன். திட்டப் போறவங்க பின்னூட்டத்துல வரிசையா வாங்க. ஃபிடிக் புத்தகத்துல 17, 18னு ரெண்டு பிரிவு. வேலையால மூணாவது ஆளுக்கு உயிரோ உடைமையோ போனா யார் பொறுப்பு, யார் இன்ஷூரன்ஸ் எடுக்கணும்னு பேசறது. கான்ட்ராக்டரோட மொத்தப் பொறுப்புக்கும் ஒரு உச்ச வரம்பு வைக்கலாம். மோசடி, வேணும்னே செஞ்ச தப்புன்னா அந்த வரம்பு நிக்காது. 1886 பத்திரத்துல பார்ட்டி ரெண்டே பேர், மகாராஜாவும் சர்க்காரும். அணைக்குக் கீழ வண்டிப்பெரியாறுல ராத்திரி மழை கொட்டும்போது தூக்கம் வராம உக்காந்திருக்கறவன் அதுல பார்ட்டியே இல்ல. "நிபுணர் குழு பத்திரம்னு சொல்லிடுச்சு"ன்னு நாம சொல்றோம், சரிதான், கோர்ட்டும் அதை ஏத்துக்கிச்சு. ஆனா அவனுக்குப் பதில் சொல்ற ஒரு இடம் வேணுமில்லையா? 2021ல வந்த அணைப் பாதுகாப்புச் சட்டம் கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்ந்திருக்கு. ஒரு மாநிலத்தோட அணை இன்னொரு மாநிலத்துல இருந்தா அதோட பாதுகாப்பைத் தேசிய ஆணையம் கவனிக்கணும்னு இருக்கு. இது நம்ம உரிமைக்கு எதிரின்னு நினைக்கறவங்க இருக்காங்க. நான் அப்படி நினைக்கலை. உரிமை நம்மகிட்ட இருந்தா பொறுப்பும் நம்மகிட்டத்தான் இருக்கணும், அதை யாராவது வந்து பார்த்துட்டுப் போகட்டுமே. புது அணை வேணும்னா ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாத்தான் முடியும், நம்ம மேல திணிக்க முடியாதுன்னும் அதே 2014 தீர்ப்பு சொல்லியிருக்கு. பயப்பட வேண்டியதில்ல.

கிளம்பற அன்னைக்குச் சித்தப்பாகிட்ட இதையெல்லாம் சுருக்கிச் சொன்னேன். 2884 டிசம்பர் 31 வரைக்கும் குத்தகை இருக்குன்னேன். அவர் அதைக் காதுலயே வாங்கலை.

"வாடகை பாக்கி இல்லாமக் கட்டுறாங்களா?"

"கட்டுறாங்க சித்தப்பா."

"ரசீது வாங்கி வச்சுக்கச் சொல்லு"ன்னுட்டு மம்பட்டியை எடுத்துக்கிட்டுப் போயிட்டார்.

அதே 1970 மே 29, அதே ரெண்டு அரசு, இன்னொரு ஒப்பந்தமும் கையெழுத்தாச்சு. பரம்பிக்குளம் - ஆழியாறு. 12 வருஷம் பின்தேதியிட்டு, 1958 நவம்பர்லேர்ந்து அமல்னு எழுதினாங்க. பொள்ளாச்சி நண்பர்கள் யாராவது அதோட நகல் வச்சிருந்தா ஒரு பின்னூட்டம் போடுங்க, அடுத்த பதிவு அதைப் பத்தித்தான்.